‘இல்லை’யும் ‘கிடைக்கவில்லை’யும்

மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு முனைவர்ப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் எனக்கு, வடஇந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை உளவியல் மாணவர்களுக்கு முறைசார் ஆய்விலக்கிய மீளாய்வு கற்பிக்கும் பணி மூன்று பருவங்களாக வாய்த்திருக்கிறது. “உளவியல் மாணவருக்கு மொழியியல்காரர் எதற்கு?” என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு வரியில் விடை சொல்லிப் பார்த்தேன், எவருக்கும் நிறைவளிக்கவில்லை. ஆகவே சற்று நீளமாக எழுதுகிறேன். ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்போருக்கும் நெறியாளர்களுக்கும் இதில் பயன்படக்கூடியது ஏதேனும் இருக்கலாம்.

நம் ஆய்வேடுகளில் இரண்டாம் இயல் பெரும்பாலும் ‘முன்னாய்வுகள்’ என்ற தலைப்பில் வரும். இன்னார் இந்த ஆண்டில் இவ்வாறு கூறினார், அவரைத் தொடர்ந்து மற்றொருவர் இவ்வாறு கண்டறிந்தார் என்று பூத்தொடுப்பதுபோல் அந்த இயல் நகரும். எந்தப் பூவை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு அங்கே விதியில்லை. கைக்கு எட்டியதும் நெறியாளருக்குப் பிடித்ததும் நம் கருதுகோளுக்கு ஒத்துவருவதும் மாலையில் ஏறும். முறைசார் மீளாய்வு இந்தச் சுதந்திரத்தைப் பறித்துக்கொள்கிறது. கேள்வியை முதலில் வரையறுக்க வேண்டும். எவ்வகை ஆய்வுகளைச் சேர்ப்போம், எவற்றை விலக்குவோம் என்பதைத் தேடுவதற்கு முன்பே எழுதிப் பதிவுசெய்ய வேண்டும். எந்தத் தரவுத்தளத்தில் எந்த நாளில் எந்தச் சொற்களைக் கொண்டு தேடினோம் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் அதே படிகளில் ஏறினால் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

இம்முறை மருத்துவத்துக்கே உரியது, உளவியலுக்கு இரவல் வந்தது என்ற எண்ணத்தோடுதான் மாணவர்கள் முதல் வகுப்புக்கு வருகிறார்கள். வரலாறு அப்படியன்று. உளவளச் சிகிச்சையால் பயன் உண்டு என்பதற்குச் சான்றில்லை என்று 1952இல் ஹான்ஸ் ஐசென்க் எழுதினார். நரம்புத்தளர்ச்சி நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இருவர் சிகிச்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டாண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். கால் நூற்றாண்டு நீடித்த அந்தப் பூசலுக்கு விடை தேடும்போதுதான் ஜீன் கிளாஸ் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒரே அளவுகோலுக்கு மாற்றிக் கூட்டிப் பார்க்கும் முறைக்கு 1976இல் ‘மெட்டா அனாலிசிஸ்’ என்று பெயரிட்டார். மறு ஆண்டு மேரி லீ ஸ்மித்தும் அவரும் ஏறத்தாழ 375 ஆய்வுகளைத் தொகுத்து, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர் சிகிச்சை பெறாதோரில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்று காட்டினர். ஐசென்க் அந்த முறையையே கடுமையாகச் சாடினார். ஆனால் முறை நிலைத்தது. உளவியலின் மையமான கேள்வி ஒன்றே அதைப் பெற்றெடுத்தது என்று சொன்னதும் வகுப்பில் முகங்கள் சற்று நிமிரும்.

மருத்துவத்திலிருந்து ஒரு செய்தியையும் சொல்வேன். 1993இல் தொடங்கப்பட்ட காக்ரேன் கூட்டமைப்பின் சின்னத்தில் ஒரு வட்டத்துக்குள் சில கிடைக்கோடுகள் இருக்கும். குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்மாருக்குக் கார்டிகோஸ்டீராய்டு தருவது குறித்த ஆய்வுகளின் முடிவுகள் அவை. முதல் ஆய்வு 1972இல் வெளியானது. அடுத்தடுத்து வந்தவையும் சேர்ந்து அம்மருந்து குழந்தைகளைக் காக்கிறது என்றே காட்டின. ஆயினும் அவற்றை முறையாகத் தொகுத்த மீளாய்வு 1989இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல மருத்துவர்கள் அம்மருந்தைத் தரவில்லை; பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் இறந்தன. சான்று அப்போதும் இருந்தது, சிதறிக் கிடந்தது. தொகுத்துப் பார்ப்பது எழுத்தர் வேலை என்று நினைக்கும் மாணவருக்கு இதைவிட வலுவான மறுமொழி எனக்குத் தெரியாது.

இனி மொழியியலுக்கு வருகிறேன். தேடல் என்பது சொற்களால் ஆனது. ‘டிப்ரஷன்’ என்ற சொல்லையும் ‘இந்தியா’ என்ற சொல்லையும் இட்டுத் தேடிப் பாருங்கள் என்பது நான் தரும் முதற்பயிற்சி. மனச்சோர்வு வரும். அதனோடு வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வரும், 1930களின் பொருளாதார வீழ்ச்சி வரும், இதய மின்வரைவில் ஒரு கோடு கீழிறங்குவது வரும், மூளைச் செல்களின் இணைப்பு வலுவிழப்பதும் வரும். ஒரு சொல் பல பொருள் என்பது இலக்கணப் பாடம். அதுவே இங்கு ஆயிரக்கணக்கான பொருந்தாப் பதிவுகளாக வந்து நிற்கிறது. மறுபுறம் ஒரு பொருள் பல சொல். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் ஒரு வடிவம், அமெரிக்கத்தில் வேறு வடிவம். இருபதாண்டுகளுக்கு முன் வழங்கிய பெயர் இன்று இழிவாகக் கருதப்பட்டு மாற்றப்பட்டிருக்கும். ஒன்றை விட்டாலும் ஒரு தலைமுறை ஆய்வுகள் வலையிலிருந்து நழுவும்.

அடுத்த பயிற்சியாக, அவரவர் தாய்மொழியில் இந்நோய்க்கு என்ன சொல் என்று கேட்பேன். இந்தி மாணவர் ‘அவசாத்’ என்பார். உடனே, வீட்டில் எவரும் அப்படிச் சொல்வதில்லை, ‘டென்ஷன்’ என்பார்கள் என்று சேர்த்துக்கொள்வார். மலையாள மாணவி ‘விஷாதரோகம்’ என்பார். வங்காளத்திலிருந்து ‘பிஷண்ணதா’ வரும். தமிழுக்கு நான் ‘மனச்சோர்வு’ என்று எழுதுவேன். ஆனால் நம் நாளிதழ்களில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கும் ‘டிப்ரஷன்’ என்பதற்கும் வழங்குகிறது. தமிழில் வெளியான ஒரு கள ஆய்வு ‘மன அழுத்தம்’ என்று சொன்னால் அது எதை அளந்தது? தலைப்பைக் கொண்டு விடை சொல்ல முடியாது. பயன்படுத்திய வினாப்பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். துன்பத்தைச் சொல்லும் மொழி நாட்டுக்கு நாடு வேறுபடுவதை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடும் ஏற்றுக்கொண்டது. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியினர் ‘மிகையாக யோசிப்பது’ என்ற பொருளில் வழங்கும் ‘குஃபுங்கிசிசா’வும், இந்தியத் துணைக்கண்டத்தின் ‘தாது’ நோய்க்குறியும் அதன் பட்டியலில் உள்ளன.

சொல்லின் எல்லையும் ஒரு சிக்கல். ‘இளையோர்’ பற்றிய ஆய்வுகளை மட்டும் சேர்ப்போம் என்று ஒரு குழு விதி எழுதியது. யார் இளையோர்? உலக நல நிறுவனத்துக்கு வளரிளம் பருவம் 10 முதல் 19 வரை. ஐக்கிய நாடுகள் அவையின் கணக்கில் இளைஞர் என்போர் 15 முதல் 24 வரை. இந்தியாவின் 2014ஆம் ஆண்டுத் தேசிய இளைஞர் கொள்கையில் 15 முதல் 29 வரை. விதியில் வயதை எண்ணால் எழுதாதவரை, ஒரே கட்டுரையை ஒருவர் சேர்ப்பார், மற்றவர் விலக்குவார்.

இந்த முரண்பாட்டை அளக்கும் கருவியையும் ஓர் உளவியலாளரே தந்தார். ஜேக்கப் கோஹன் 1960இல் முன்வைத்த ‘கப்பா’ அது. கரும்பலகையில் நான் போடும் கணக்கு இதுதான். இரு மாணவர்கள் தனித்தனியாக 100 ஆய்வுச்சுருக்கங்களைப் படிக்கிறார்கள். இருவரும் ஒருமித்துச் சேர்த்தவை 5, ஒருமித்து விலக்கியவை 85. முதலாமவர் மட்டும் சேர்த்தவை 5, இரண்டாமவர் மட்டும் சேர்த்தவை 5. நூற்றில் 90 இடங்களில் ஒத்துப்போயிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் இருவருமே பத்தில் ஒன்பதை விலக்குபவர்கள். கண்ணை மூடிக்கொண்டு விலக்கினாலும் தற்செயலாகவே 0.82 அளவுக்கு ஒத்துப்போவார்கள். அதைக் கழித்துவிட்டால் கப்பா 0.44தான். சேர்க்கத்தக்கவை என்று குறைந்தது ஒருவராவது கருதிய 15 கட்டுரைகளில் 10இல் அவர்கள் முரண்பட்டிருக்கிறார்கள். உடன்பாடு என்று நாம் கொண்டாடுவதில் எவ்வளவு வெறும் வழக்கம் என்பதை இந்த எண் காட்டிவிடும். அதன்பின் மாணவர்கள் வாதிடத் தொடங்குவார்கள். என் வகுப்பில் மிகப் பயனுள்ள மணிநேரம் அதுதான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபிறகு ஒரு புதிய விதியும் சேர்ந்திருக்கிறது. சென்ற பருவத்தில் ஒரு குழு கொண்டுவந்த பன்னிரண்டு மேற்கோள்களில் நான்கு இப்பூவுலகில் எங்கும் இல்லை. ஆசிரியர் பெயர் உண்மை, இதழின் பெயர் உண்மை, கட்டுரை மட்டும் கற்பனை. ‘எப்படி இருந்தால் நன்றாக இருக்குமோ அப்படி’ ஒரு மேற்கோளை அச்செயலி நெய்து தருகிறது. எனவே, திறந்து படிக்காத எதுவும் பட்டியலில் ஏறக்கூடாது என்பது இப்போது எழுதப்பட்ட விதி. மறுத்தல் ஆய்வுகளின் கதையை அறிந்த துறை இது. 2015இல் வெளியான கூட்டு முயற்சி ஒன்று 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் பொருண்மை கொண்ட முடிவைத் தந்திருந்தன. மறுமுறை செய்தபோது 36 விழுக்காடே தந்தன. உண்மையில் நடந்த ஆய்வுகளையே ஐயுற வேண்டிய துறையில், நடக்காத ஆய்வுகளையும் சேர்த்துக்கொள்வது எத்தகைய கேடு என்பதை விளக்கத் தேவையில்லை.

இவையெல்லாம் கருவிகள். கருவியைப் பிடித்திருக்கும் கை நடுங்கும் இடம் வேறொன்று. அதைச் சொல்லவே இப்பதிவை எழுதத் தொடங்கினேன். சம்பந்தப்பட்ட மாணவியின் இசைவோடு, அவரை அடையாளம் காட்டாமல் எழுதுகிறேன்.

அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்தவர் அவர். தோட்டத்தில் இலை பறிக்கும் பெண்களின் மனச்சோர்வுக்கு எவ்வகை உளவளச் சிகிச்சை பயனளிக்கிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. தேடுசொற்களைத் தொகுப்பதே ஒரு மொழியியல் பாடமாக அமைந்தது. காலனிய ஆட்சிக் காலத்தில் சோட்டா நாக்பூர், ஒடிசா முதலிய பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அம்மக்கள். சந்தாலர், முண்டா, ஒராவோன் எனப் பல இனத்தார். சாத்ரி அவர்களுக்கிடையே பொதுமொழி. ஜார்க்கண்டில் பட்டியல் பழங்குடியாக இருக்கும் அதே இனத்தார் அசாமில் பிற பிற்பட்ட வகுப்பினர். ஆகவே ஒரு கட்டுரை அவர்களை ‘தேயிலைப் பழங்குடி’ என்கிறது, மற்றொன்று ‘ஆதிவாசி’ என்கிறது, மூன்றாவது ‘தோட்டத் தொழிலாளர்’ என்கிறது. ‘தோட்டத் தொழிலாளர்’ என்று தேடினால் இலங்கையின் மலையகத் தமிழரும் மூணாறும் நீலகிரியும் சேர்ந்து வருகின்றன. அத்தனை பெயர்களையும் அவர் பொறுமையாகத் தொகுத்தார். காசின்றிக் கிடைக்கும் பப்மெட் உட்பட மூன்று தரவுத்தளங்களிலும், காந்திநகரின் இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்திலும் தேடினார். இரத்த அழுத்தம் பற்றி வந்தது, இரத்தசோகை பற்றி வந்தது, மதுப்பழக்கம் பற்றி வந்தது. சக மாணவர் ஒருவர் தனியே சரிபார்த்தார். பிரிஸ்மா வரைபடத்தின் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, கடைசிப் பெட்டியில் நின்ற எண் 0.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “இப்போது எனக்கு ஆய்வேடு இல்லையா?”

ஆய்வேட்டுக் குழுவின் கருத்தும் ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. பூச்சியத்தை வைத்து நூறு பக்கம் எழுத முடியாது என்றார் ஓர் உறுப்பினர். மதுப்பழக்க ஆய்வுகளை ‘மனநலம்’ என்று கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், விதியில் ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்றார். தேர்வுக்கால அழுத்தம் என்று தலைப்பை மாற்றிக்கொண்டால் கட்டுரைகளுக்குப் பஞ்சமிருக்காது என்றார் மற்றொருவர். இருவரும் தீய நோக்கம் கொண்டவர்கள் அல்லர். ஒரு மாணவி உரிய காலத்தில் பட்டம் பெற வேண்டும் என்ற அக்கறைதான் அது. ஆனால் முதல் யோசனை, முடிவைக் கண்டபின் இலக்கை நகர்த்துவது. இரண்டாவது, ஏற்கனவே வெளிச்சம் விழும் இடத்துக்கே இன்னொரு விளக்கை எடுத்துச் செல்வது.

உளவியலின் தரவுகள் பெரும்பாலும் மேற்கத்திய, கல்வி பெற்ற, தொழில்மயமான, செல்வமுள்ள, மக்களாட்சிச் சமூகங்களின் மனிதர்களிடமிருந்தே வருகின்றன என்று 2010இல் ஹென்ரிக், ஹைனே, நோரன்சயான் மூவரும் எழுதினர். நம் மாணவர்கள் அனைவரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே ஓரவஞ்சனை நம் நாட்டுக்குள்ளேயே நடப்பதை அந்த 0 காட்டியது. நகரத்துக் கல்லூரி மாணவர்களின் மனத்தைப் பற்றி நம்மிடம் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. நாம் அன்றாடம் குடிக்கும் தேநீருக்கு இலை பறிப்பவரின் மனத்தைப் பற்றி அந்தத் தேடலில் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

இவ்விடத்தில் தமிழ் எனக்கு உதவியது. ‘இல்லை’ என்பதும் ‘கிடைக்கவில்லை’ என்பதும் நம் மொழியில் தெளிவாக வேறானவை. முன்னது உலகத்தைப் பற்றிய கூற்று. பின்னது தேடியவரையும் தேடிய இடத்தையும் தேடிய நாளையும் உள்ளடக்கிய கூற்று. ஆய்வேடுகளில் ‘இப்பொருளில் ஆய்வுகள் இல்லை’ என்று எத்தனை பேர் எழுதுகிறோம்! எழுதத் தகுதியுள்ள வாக்கியம், ‘இன்ன நாளில், இன்ன தரவுத்தளங்களில், இன்ன சொற்களைக் கொண்டு, இன்ன மொழிகளில் தேடியபோது கிடைக்கவில்லை’ என்பதே. அப்படி எழுதிவிட்டால் பூச்சியம் வெறுமையாக இராது. எங்கே தேடவில்லை என்பதையும் அது சேர்த்தே சொல்லும். அசாமிய மொழி அறிக்கைகள், தோட்ட மருத்துவமனைப் பதிவேடுகள், தொண்டு நிறுவனங்களின் அச்சேறாத ஆவணங்கள் ஆகியவை வலைக்கு வெளியே உள்ளன என்று வரைபடம் வரைந்து காட்டலாம்.

அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். முதற்கேள்விக்கான விடை பூச்சியம் என்று ஓர் இயலில் முழுமையாக எழுதினார். அதன்பின், ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க் தளத்தில் தாம் முன்பே பதிந்திருந்த திட்டத்தில் ஒரு திருத்தத்தைத் தேதியோடும் காரணத்தோடும் சேர்த்தார். ‘சிகிச்சை பயனளிக்கிறதா’ என்ற கேள்வியோடு, ‘தெற்காசியத் தோட்டத் தொழிலாளரின் மனநலம் பற்றி என்னென்ன ஆராயப்பட்டுள்ளது’ என்ற அகன்ற கேள்வியும் இரண்டாவதாக இடம்பெற்றது. இவ்வகைப் பரப்பு மீளாய்வுக்கு ஆர்க்ஸியும் ஓ’மேலியும் 2005இல் வகுத்த வழிமுறை உண்டு. 2018இல் தனிச் சரிபார்ப்புப் பட்டியலும் வந்தது. மதுப்பழக்க ஆய்வுகள் இப்போது உள்ளே வந்தன, இலங்கை ஆய்வுகளும் வந்தன. குழு உறுப்பினர் சொன்ன அதே கட்டுரைகள்தாம். வேறுபாடு ஒன்றே: கதவைத் திறந்தவர் யார், எப்போது, ஏன் என்பது வாசலில் எழுதப்பட்டிருந்தது.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். ஆறு வாரம் கூடுதலாக உழைத்தார். ஒரு மாதம் தாமதமாக ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதற்குள் ஒரு வேலை வாய்ப்பு கைநழுவியது. மதிப்பெண் நடுத்தரமாகவே வந்தது. தேர்வு அழுத்தத்தை எடுத்துக்கொண்ட நண்பருக்கு அவரைவிடக் கூடுதல். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் பூச்சிய இயலைப் புரட்டி, “இதை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காதே” என்றார். “தெரிந்திருக்காது என்பதால்தான் எழுதினேன்” என்றார் அவர்.

ராபர்ட் ரோசந்தால் 1979இல் ‘கோப்பு இழுப்பறைச் சிக்கல்’ என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். எதிர்பார்த்த விளைவு வராத ஆய்வுகள் இழுப்பறையில் உறங்க, வந்தவை மட்டும் இதழேறுவதால் உண்மை திரிந்துபோகிறது என்பது அதன் சாரம். ஆய்வுக்கு உள்ளது போலவே தேடலுக்கும் ஓர் இழுப்பறை உண்டு என்று நான் இப்போது நினைக்கிறேன். எத்தனையோ முதுகலை மாணவர்கள் தேடிக் கிடைக்காமல் தலைப்பை மாற்றியிருப்பார்கள். கிடைக்காமை எங்கும் பதிவாகவில்லை. பத்தாண்டு கழித்து இன்னொரு மாணவி அதே கேள்வியோடு வருவார், அதே வெறுமையில் முட்டுவார், அவரும் தலைப்பை மாற்றிக்கொள்வார். சிகிச்சை முறைகளை வகுக்கும் அதிகாரிக்கு அம்மக்கள் இருப்பதே தெரியாது.

2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய்ச் செலவில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. சிறுநகரக் கல்லூரி மாணவருக்கு இது பெரும் பேறு. ஆயினும் கதவு திறப்பதும் உள்ளே சென்று எப்படித் தேடுவதென்று அறிவதும் வேறு. இதழ்களில் அச்சேறாத மனிதர்களை எந்தச் சந்தாவும் கொண்டுவந்து தராது.

இந்தப் பருவத்திலிருந்து என் பாடத்திட்டத்தின் முதற்பக்கத்தில் இரண்டு வரிகள் சேர்ந்திருக்கின்றன. முறையாகத் தேடி அடைந்த பூச்சியத்துக்கு முழு மதிப்பெண் உண்டு. முறையின்றிச் சேர்த்த ஐம்பது கட்டுரைகளுக்கு இல்லை. இது என் வகுப்பின் உள்மதிப்பீட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஆய்வேட்டின் மதிப்பெண் என் கையில் இல்லை. அது யார் கையில் இருக்கிறதோ அந்த நெறியாளர்களிடமும் குழு உறுப்பினர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை ஒரு மாணவர் கடைசிப் பெட்டியில் 0 என்று எழுதிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தால், தலைப்பை மாற்றச் சொல்வதற்கு முன் அவருடைய தேடுசொற்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பட்டியல் குறையுடையதானால் குறையைச் சுட்டுங்கள். நிறைவானதானால், அந்தப் பூச்சியத்தை அச்சேற்ற அவருக்குத் துணைநில்லுங்கள்.